மூக்கு ரூம்புக்காரி

அந்தப் படக் கார்டின் நான்கு மூலைகளிலும் குண்டூசித் துளைகள் இருக்கின்றன. மூலைக்கு ஒன்றல்ல, ஏழெட்டு. ஏற்காட்டு மழைக்காலத்தில் குண்டூசி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். துரு படத்தில் இறங்குவதற்குள் மாமி அதைப் பிடுங்கிப் பக்கத்திலேயே வேறு ஊசி குத்துவார். அப்படியும் வானத்தின் இடது ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை விழுந்துவிட்டது. படத்தில் இருப்பது நியூயார்க் நகரத்துக் கட்டடம் ஒன்று. இரண்டு பெரிய சாலைகள் சாய்வாக வந்து சேரும் இடத்தில், மிஞ்சிப்போன முக்கோணத் துண்டில், இருபது மாடிக்கு மேல் எழும்பி நிற்கிறது. முனைக்கு நேர் எதிரே நின்று எடுத்த படம். அதனால் கட்டடத்தின் கூரிய மூக்கு மட்டும்தான் முன்னால் தெரியும். ஒரு ஆள் இரண்டு கைகளையும் விரித்தால் சுவருக்குச் சுவர் தொட்டுவிடலாம் போன்ற அகலம். துணி தேய்க்கிற இஸ்திரிப்பெட்டியின் பெயரைத்தான் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் கழித்துத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு மூக்கு பில்டிங்கு என்று பெயர். கார்டின் பின்புறம் நாற்பது வருடங்களுக்கு மேல் வெறுமையாக இருந்தது. இப்போது அதில் நீல மையில் மாமி எழுதியது இருக்கிறது.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. மூன்று சகோதரர்களும் பாகம் பிரித்தபோது பெரியவருக்கு ஏற்காடு பஜார்க் கடை, நடுவருக்கு நாகலூரில் காபித் தோட்டம், மாமாவுக்கு நாகலூர் சாலையும் ஒரு எஸ்டேட் சாலையும் பிரிகிற இடத்தில் ஒரு முக்கோணம். கல்யாணம் ஆகாதவனுக்கு இது போதும் என்று மூத்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதுவரை அங்கே ஆடுகளைத்தான் கட்டிவந்தார்கள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. தார்ப்பாயைக் கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு சுவெட்டரும் குரங்குக் குல்லாவும் விற்க உட்கார்ந்துவிட்டார். பந்தலுக்கு மூன்று மூங்கில் போதும், ஒரு மூங்கில் லாபம் என்று அம்மாவிடம் சொன்னாராம். அவர் அப்படித்தான், அடி வாங்கினாலும் அதில் ஒரு லாபம் கண்டுபிடிப்பார்.

ஒரு நாள் பனி மூட்டத்தில் குல்லா வாங்க வந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, அந்த இடத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். இரண்டு கைகளையும் கூம்பு போலச் சேர்த்து, வானத்தைக் காட்டி என்னவோ சொன்னாளாம். மாமாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனாள். சில மாதங்கள் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே இந்தக் கார்டு. கூட இருந்த சீட்டில், எங்கள் ஊரிலும் இப்படி ஒரு மூலை இருந்தது, அதில் இதைக் கட்டினார்கள் என்று எழுதியிருந்ததாகத் தபால்காரர் படித்துச் சொன்னாராம். அந்தச் சீட்டு தொலைந்துவிட்டது, கார்டு மிஞ்சியது.

மாமி சேலத்தில் மரக்கடை வைத்திருந்தவரின் மகள். கல்யாணப் பேச்சு வந்தபோது அந்த மரக்கடைக்காரர், மாமியின் அத்தா, மலையேறி வந்து முக்கோணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பத்து நாள் கழித்து மாமா என் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அம்மா எத்தனையோ தடவை நடித்தே காட்டியிருக்கிறாள்.

“தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அது ஆடு கட்டற எடமுங்க. அதுல எம் புள்ள எப்புடிக் குடும்பம் நடத்துவா?”

மாமா கார்டை நீட்டினார். “அமெரிக்காவுல இதே மாதிரி எடத்துலதானுங்க இதைக் கட்டி வெச்சிருக்கறாங்க.”

மாமியின் அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மர வியாபாரி அல்லவா, எதையும் திருப்பிப் பார்த்துத்தான் பழக்கம். பின்பக்கத்தையும் பார்த்தார். “பில்டிங்கு நல்லாத்தான் இருக்குது. இதுல ஆளு குடியிருக்கறாங்களா? இல்ல வெறும் ஆபீசா?”

“குடித்தனமுங்க. மாடிக்கு நாலு குடும்பம். இந்த மூக்கு ரூம்புல கூட ஒரு குடும்பம் இருக்குதாமுங்க.”

மாமாவுக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றி அணுவளவும் தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். திரைக்குப் பின்னால் நின்றிருந்த மாமியும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு என் அம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். “அக்கா, கட்டலை எங்க போடுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.” அம்மா வெளியே வந்து கேட்டதற்கு மாமா, “அந்த அமெரிக்கா மூக்கு ரூம்புக்காரி போட்டிருக்கற எடத்துலதான்” என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது.

வீடு கட்டிய மேஸ்திரி முதல் நாளிலேயே கையை விரித்தார். “மூலமட்டம் வெச்சு முப்பது வருசமா வேலை செய்யறனுங்க பாய். அதுக்குப் பொருந்தற மூலை இந்த ஊட்டுல ஒண்ணு கூட இல்லீங்களே” என்று அந்த இரும்புக் கருவியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். கார்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நூல் கட்டி நூல் கட்டியே சுவர் எழுப்பினார்கள். கீழே கடை, நடுவில் சமையலும் கூடமும், மேலே சாலைகள் பிரிவதைப் பார்த்தபடி இரு பக்கமும் ஜன்னல் வைத்த மூக்கு ரூம்பு. முனையைக் கார்டில் உள்ளது போலவே வளைத்துப் பூசியிருந்தார்கள். ஊருக்கு அது ‘மூக்கு ஊடு’ ஆகிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர்கள் கூட மூக்கு ஊடு ஒண்ணு குடுங்க என்பார்கள்.

வாசல், படி, ஜன்னல், அலமாரி எல்லாவற்றையும் அளந்து கட்டிய அந்த மனிதர்கள் கட்டிலை மட்டும் அளக்கவில்லை. கட்டில் பெண் வீட்டுச் சீராயிற்றே, அதை மாப்பிள்ளை வீட்டார் எப்படிக் கேட்டு அளப்பது! நிக்காஹ் முடிந்த மறுநாள் சேலத்திலிருந்து லாரியில் சீர் வந்து இறங்கியபோது எனக்கு ஏழு வயது. தலைமாட்டில் மயில் செதுக்கிய தேக்குக் கட்டில், ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோ. மரக்கடைக்காரர் ஆசை மகளுக்குச் செய்த கட்டில் எப்படி இருக்கும்? கடையை அடைத்துக்கொண்டு நின்றது. மாடிப்படியில் திரும்பவே இல்லை. கடைசியில் கயிறு கட்டி, ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தெடுத்து, சாலைப் பக்கமாக ஏற்றினார்கள். கட்டில் பாதி வழியில் ஆடிக்கொண்டிருந்தபோது நாகலூர் பஸ் வந்துவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கி வந்த பிரயாணிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமியின் அத்தா கட்டிலையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஏற்றியாயிற்று, எங்கே போடுவது? எந்தச் சுவரை ஒட்டிப் போட்டாலும் ஒரு பக்கம் இடித்தது. கல்யாணப் பெண்ணாகிய மாமி எல்லோரையும் கீழே போகச் சொல்லிவிட்டு, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னை மட்டும் கூட வைத்துக்கொண்டார். சுவரை மறந்துவிட்டுக் கட்டிலை அறையின் நடுவில், கால்மாடு மூக்கைப் பார்க்கும்படி தள்ளினார். பீரோவை அகலமான பக்கத்து மூலையில் குறுக்காக நிறுத்தினார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஊர்க்காரியும் இப்புடித்தான் போட்டிருப்பா, இல்ல கண்ணு?” என்றார். மூக்கு ரூம்புக்காரியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்காக எங்கள் ஊரான மாரமங்கலத்திலிருந்து என்னை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒன்பது வருடம் இருந்தேன். சதுரமான எந்தப் பொருளை வைத்தாலும் பின்னால் ஒரு சிறு முக்கோணம் மிச்சப்படுகிற வீடு அது. பீரோவுக்குப் பின்னால் இருந்தது என் முக்கோணம். பரீட்சையில் குறைந்தால், அம்மா நினைவு வந்தால், மாமியிடம் திட்டு வாங்கினால் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே சுவரில் இந்தக் கார்டு. எத்தனை ஜன்னல் என்று எண்ணியெண்ணி ஒருமுறை கூட ஒரே விடை வந்ததில்லை. கூரையோரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற வேலைப்பாடும், ஜன்னலுக்கு ஜன்னல் இருக்கிற பூக்கொடிகளும் எனக்கு மனப்பாடம்.

மாமிக்கோ அது கட்டடமே அல்ல, அக்கம்பக்கத்து வீடு. அதில் ஒரு பெண் இருந்தாள். ஏழு நாள் ஆகியும் போர்வை காயாவிட்டால், “நம்ம கதி இது. அவ எங்க கொண்டுபோய்க் காயப் போடறாளோ” என்பார். இரு பக்க ஜன்னலும் ஒன்றாகத் திறந்துகொண்டு காற்று அரிசிமுறத்தைத் தூக்கி வீசினால், “அவளுக்கு இருவது மாடி உசரம், காத்து இன்னும் நொம்ப வீசும்” என்று சமாதானம் ஆவார். மாமா கடையிலிருந்து தாமதமாகச் சாப்பிட வந்தால், “அந்த ஊட்டுக்காரன் இப்புடியா பண்ணுவான்?” என்று இல்லாத ஒருவனைக் கொண்டு இடிப்பார். பிள்ளை இல்லாத வீடு. நான் பள்ளிக்குப் போய்விட்டால், பனி இறங்கி எதிர்ச் சாலை கூடத் தெரியாத பகல்களில், மாமிக்குப் பேச வேறு ஆள் கிடையாது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மாமா ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே இறங்கிவிடுவார். அதை நான் கவனித்திருக்கிறேன், அப்போது காரணம் தெரிந்ததில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம், சேலத்தில் உத்தியோகம், ஒரே மகள், அவளுக்கு நியூயார்க்கில் வேலை. அவள் பிரசவத்துக்கு நான் புறப்பட்டபோது மாமி பஸ் ஏறிச் சேலத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. அரைக் கிலோ மாரமங்கலத்து மிளகு, எங்கள் கடையிலேயே நல்லதாகப் பொறுக்கிய ஒரு கம்பளிக் குல்லா.

“மூக்கு ரூம்புக்காரிகிட்டக் குடுத்துரு கண்ணு. இப்ப அந்த ரூம்புல வேற யாராச்சும் இருந்தாலும் பரவால்ல. கட்டலை எங்க போட்டிருக்கறான்னு மட்டும் நீ உம் கண்ணால பாத்துட்டு வா.”

கூட வந்திருந்த மாமா ஓரமாக உட்கார்ந்திருந்தார். மாமி குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அங்க யாரு இருக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது கண்ணு. அன்னைக்கு அவிங்க அத்தாகிட்டச் சும்மா அடிச்சு விட்டேன். இவ அதையே புடிச்சுட்டா. சொல்லலாம் சொல்லலாம்னு பாத்தேன், வாய் வரலை. நாப்பத்தஞ்சு வருசம் ஓடிப்போச்சு. நீயே எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சுடு.” சிரிக்கத்தான் தோன்றியது எனக்கு. அவர் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

நியூயார்க்கில் பேரன் பிறந்து ஒரு மாதம் கழித்து மகளும் நானும் போனோம். வழியெல்லாம் அவள் வானளாவிய கோபுரங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றின் உச்சி வெள்ளியாக மின்னியது. இன்னொன்று மேலே போகப் போகப் படிப்படியாக ஒடுங்கி ஊசியில் முடிந்தது. எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. சாலைகள் பிரியும் இடத்துக்கு வந்து நிமிர்ந்தால், அடியிலிருந்து நுனிவரை இரும்புச் சாரமும் வலையும் போர்த்திக்கொண்டு நிற்கிறது மூக்கு பில்டிங்கு! இவ்வளவு தூரம் வந்து இதற்கா என்று ஆத்திரமாக வந்தது. சாலையைக் கடந்து ஓரமாகப் போய் அண்ணாந்து பார்த்தேன். வலை விலகியிருந்த ஒரு சந்தில் பூக்கொடி தெரிந்தது. அது கல் அல்ல, அச்சில் வார்த்துச் சுட்ட மண் என்று மகள் படித்துச் சொன்னாள். நம் வீட்டு ஓடு போலச் சுட்ட மண்ணை உள்ளே எஃகுக் கூட்டில் மாட்டி இத்தனை மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். அந்த முனையில் காற்று என்னைத் தள்ளியது. மாமி சொன்னது சரிதான், நொம்ப வீசியது.

ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட காவலாளியிடம் மகள் கேட்டாள். அவர் தலையை ஆட்டிச் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். இதில் குடித்தனம் இருந்ததே இல்லையாம். கட்டிய காலத்திலிருந்து ஆபீஸ்கள்தானாம். இப்போதுதான் உள்ளே பிரித்து வீடுகளாக மாற்றுகிறார்களாம். நான் மிளகுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நடைபாதையில் நின்றேன். மிளகு மகளின் சமையலுக்குப் போயிற்று. குல்லாவை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் என் பைக்குள் திரும்பவும் வைத்தேன்.

அந்தக் குல்லாதான் காட்டிக் கொடுத்தது. ஏற்காட்டுக்குப் போன அன்று, பார்த்தேன், பேசினேன், கட்டிலைக் கூட நம்மைப் போலவே போட்டிருக்கிறாள் என்று நான் கூசாமல் அளந்துகொண்டிருந்தபோது, பேரன் படத்தைத் தேடி என் பையைத் திறந்த மாமியின் கையில் அது வந்துவிட்டது. மாமி குல்லாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். பிறகு மாமாவே எல்லாவற்றையும் சொன்னார்.

“நாப்பத்தஞ்சு வருசமா இல்லாத பொம்பளகூடவா நான் பேசிட்டிருந்தேன்?” என்று மாமி கேட்டார். குரல் உயரவே இல்லை. “என்னைப் பைத்தியக்காரின்னு நெனைச்சுக்கிட்டுத்தான் கீழ எறங்கிப் போவீங்களாக்கும்.”

இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. சோறு போட்டார், வெந்நீர் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கு ரூம்பில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் நானும் லீவை நீட்டித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். மூன்றாம் நாள் காலை மாமி காபியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். “என்ன சொன்னே கண்ணு, இப்பத்தான் ஊடு ஆக்கறாங்களா?”

“ஆமாங்க மாமி.”

“அப்ப இனிமேலுதான் குடி வரப் போறா.” காபியைக் கீழே வைத்தார். “வெறும் ஆபீசா இருந்த எடம். கட்டல் போடற வழி அங்க யாருக்குத் தெரியும்?”

சுவரிலிருந்து கார்டைப் பெயர்த்தெடுத்தார். என் பேனாவை வாங்கிக்கொண்டு, பீரோவின் மேல் வைத்து நின்றபடியே நெடுநேரம் எழுதினார். மறுபடி பழைய இடத்திலேயே குத்திவிட்டு, “அவ குடி வந்ததும் உம் புள்ளகிட்டச் சொல்லிக் குடுத்துரணும். அதுக்கு முன்னாடி யாரும் திருப்பிப் பாக்கக் கூடாது. உங்க மாமாவும்தான்” என்றார். அன்று மத்தியானம் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டார். பேச்சு பழையபடி ஆயிற்று. ஆனால் அந்தப் பொய்யைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்தாரா இல்லையா என்று மாமாவுக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் அவருக்கு இல்லை.

போன மழைக்காலத்தில் மாமி அந்தத் தேக்குக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். மாமா இன்னும் கடையில் உட்காருகிறார். நான் போகும்போதெல்லாம், “கடேசி வரைக்கும் எம்மேல கோவமாத்தான் இருந்தாளா கண்ணு? உங்கிட்ட எதாச்சும் சொன்னாளா?” என்று கேட்பார். சென்ற வாரம் மகள் ஒரு படம் அனுப்பினாள். வலையையும் சாரத்தையும் எடுத்துவிட்டார்கள். கார்டில் உள்ளது போலவே நிற்கிறது கட்டடம். மூக்கு ஜன்னல் ஒன்றில் திரை தொங்குகிறது என்று வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். படத்தை மாமாவிடம் காட்டினேன். அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் குண்டூசிகளைப் பிடுங்கிக் கார்டைத் திருப்பி, அவருக்குக் கேட்கும்படி படித்தேன்.

‘மூக்கு ரூம்புக்காரி அம்மாவுக்கு ஏற்காட்டிலிருந்து எழுதிக்கொண்டது. கட்டிலைச் சுவரோரம் போடப் பார்க்காதே, ஒட்டாது. நடுவில் போடு, கால்மாடு மூக்கைப் பார்க்கட்டும். பீரோவைக் குறுக்கே வை. பின்னால் மிஞ்சும் இடத்தை அடைக்காதே, பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும். இரண்டு பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறக்காதே. குளிருக்குக் குல்லா அனுப்புகிறேன். நீ அங்கே இருப்பதாக எங்கள் வீட்டுக்காரர் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பே எங்கள் அத்தாவிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நீதான் குடிவர நேரமாக்கிவிட்டாய்.’

மாமா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கீழே சாலையில் நாகலூர் பஸ் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

“அந்தக் கடேசி வரியை இன்னொருக்காப் படி கண்ணு” என்றார்.

படித்தேன். பிறகு பீரோவைத் திறந்து, மாமியின் சேலைகளுக்கு நடுவிலிருந்து அந்தக் குல்லாவை எடுத்து, மகளுக்கு அனுப்புவதற்காகக் கார்டை அதற்குள் வைத்துச் சுற்றினேன். சுவரில் கார்டு இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.